"முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட" 1936 மர யாட்: வாங்கலாமா?

கேள்வி இதுதான். பிரிட்டனில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவர், 1936இல் கட்டிய 45 அடி மர மோட்டார் யாட் (உல்லாசப் படகு) ஒன்றின் விற்பனை விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார்கள். "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, டன்கர்க் போய்வந்த படகு, இரட்டை கார்ட்னர் டீசல் என்ஜின்" என்று போட்டிருக்கிறது. (டன்கர்க் என்பது இரண்டாம் உலகப் போரில் நடந்த கடல்வழி மீட்பு. பின்னால் சொல்கிறேன்.) விலையோ தெற்கு இங்கிலாந்தில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டின் விலையில் பாதிகூட இல்லை. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

விளம்பரத்தை நானும் பார்த்தேன். மொத்தம் இருபத்தெட்டுப் படங்கள். அதில் இருபதுக்கு மேல் சலூன் (படகின் உட்காரும் அறை), கட்டில், சமையல் மேடை, கண்ணாடி போலப் பளபளக்கும் வார்னிஷ், பித்தளை விளக்கு. என்ஜின் அறைக்கு மூன்று. படகைக் கரையேற்றி அடிப்பக்கத்தை எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் புதுப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு. தரைப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. விற்பவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நீங்கள் விலை கொடுக்கப்போவது எதற்கோ, அதை இன்னும் யாரும் உங்களுக்குக் காட்டவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா தோணி கட்டும் ஓடாவி. நான் இங்கே இங்கிலாந்தின் தென்கரையில் பதினேழு வருடமாக மரப் படகுகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுத்தியலால் தட்டிப் பிழைக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "புதுப்பிக்கப்பட்டது" என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரு பவுண்ட்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கலாம். வெளியே பெயின்ட், உள்ளே மெத்தை, புதுக் குளிர்பெட்டி என்று அலங்கரித்ததும் புதுப்பித்தலே. கெட்டுப்போன பத்துப் பலகையையும் பதினைந்து வங்கையும் (விலா எலும்பு போன்ற சட்டம்) மாற்றி, மற்றதை அப்படியே விட்டதும் புதுப்பித்தலே. ஏரா (படகின் முதுகெலும்பான அடிக்கட்டை) முதற்கொண்டு பாதிப் படகைப் புது மரத்தில் கட்டி எழுப்பியதும் அதே சொல்தான். இந்த மூன்றுக்கும் செலவு வித்தியாசம் பத்து மடங்கு இருபது மடங்கு வரும். ஆகவே முதல் கேள்வி, என்ன செய்தார்கள்? இரண்டாவது, எந்த வருடம்? மூன்றாவது, அதற்குப் பிறகு படகு தண்ணீரில் இருந்ததா, ஷெட்டில் கிடந்ததா? 2004இல் பிரமாதமாகச் செய்த வேலை, நடுவில் எட்டு வருடம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்திருந்தால், அதைப் பழைய வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. செக்வோயா என்ற 104 அடி மர யாட், நியூ ஜெர்சியில் கேம்டனில் உள்ள மேத்திஸ் யார்டில் (படகு கட்டும் தளம்) ஜான் டிரம்பியின் வரைபடப்படி 1925இல் கட்டியது. ஹூவர், ரூஸ்வெல்ட் முதல் பல ஜனாதிபதிகள் பயன்படுத்தியது. கென்னடி தன் கடைசிப் பிறந்தநாளை அதில்தான் கொண்டாடினார். இது வீண் ஆடம்பரம் என்று 1977இல் கார்ட்டர் விற்கச் சொல்ல, 2,86,000 டாலருக்கு ஏலம் போனது. அதன் பிறகு கைமாறிக் கைமாறி, நடுவில் நிறையச் செலவழித்துப் புதுப்பிக்கப்பட்டு, தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பட்டமும் வாங்கியது. கடைசியில் உரிமையாளருக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் வழக்கு. வழக்கு நடந்த காலத்தில் படகு வர்ஜீனியாவில் ஓய்ந்துபோன ஒரு யார்டில், அதற்குப் போதாத தாங்கியின் மேல் வெறுமனே நின்றது. உள்ளே ரக்கூன்கள் குடியேறிவிட்டன என்று டெலவேர் நீதிபதியே தீர்ப்பில் எழுதினார். 78 லட்சம் டாலரில் தொடங்கிய விலைக் கணக்கு, சீர்கேட்டையும் மற்றதையும் கழித்துக் கழித்து 2016இல் பூஜ்யத்துக்கு வந்தது. ஜனாதிபதிகள் உட்கார்ந்த படகுக்கே அந்த கதி. காரணம் பெரிய விபத்து எதுவும் இல்லை. சில வருடம் கவனிக்க ஆளில்லை, அவ்வளவே.

உங்கள் படகுக்கு வருவோம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் யாட்டின் அமைப்பு எளிது. அடியில் நீளவாக்கில் ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்பு மாதிரி எழும்பும் வங்குகள், பெரும்பாலும் ஓக், ஆவியில் வேகவைத்து வளைத்தது. அவற்றின் மேல் தேக்கு, பிட்ச் பைன், லார்ச், மஹாகனி என்று ஏதோ ஒரு மரத்தில் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரி அடித்துப் புட்டி பூசும் கலப்பற்று. நம் ஊர் ஓடாவி இங்கே வந்தால் பெயர்கள்தான் புரியாது, வேலை அரை மணியில் புரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் ரோஸ்நீத்தில் இருந்த ஜேம்ஸ் சில்வர் யார்டில் 1930களில் ஜான் பெய்ன் வரைந்த படகுகளைப் பாருங்கள். நடுத்தர வசதிக்காரர் தன் குடும்பத்தோடு தானே ஓட்டிப் போவதற்கென்றே கட்டியவை. கோட்டுத் தொப்பிப் பணியாளர் கிடையாது. இன்றும் அவற்றை ஒருவராகக் கையாள முடிவதற்கு அதுதான் காரணம்.

மரப் படகைக் கடல் நீர் அழிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உப்புநீர் மரத்தைப் பதப்படுத்தவே செய்யும். கொல்வது மழைநீர். மேல்தளத்தில் ஒரு விரிசல், ஜன்னல் ஓரத்தில் ஒரு கசிவு, அங்கிருந்து நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, காற்றோட்டமில்லாத மூலையில் தங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிச் சில மாதம் அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் அழுகல் தேட முதலில் அடிப்பக்கம் போகாதீர்கள். மேல்தளமும் பக்கச் சுவரும் சேரும் ஓரப் பலகை, அணியத்தில் (முன்முனையில்) பலகை முனைகள் செருகும் இடம், பின்பக்கப் பலகையின் மூலைகள், சலூன் ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள அலமாரியின் பின்சுவர். இந்த நான்கு இடத்தில் மூக்கை வையுங்கள். ஆமாம், மூக்கை. காளான் வாடை வந்தால் கருவி எதுவும் தேவையில்லை.

அடுத்தது, நான் அதிகம் பயப்படுவது: ஆணி, திருகாணி. மரம் நன்றாக இருந்து, அதைப் பிடித்திருப்பது செத்துப்போன படகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல யார்டில் கட்டியதென்றால் செப்பு ஆணி அடித்து, உள்பக்கம் சிறு வளையம் போட்டு மடக்கியிருப்பார்கள். அது எண்பது வருடம் தாங்கும். பிற்பாடு பழுது பார்த்தவர்கள் மலிவுக்காகப் பித்தளைத் திருகாணி போட்டிருந்தால்தான் வினை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் இதேபோல் 1930களின் படகு, இதேபோல் புதுப்பித்தது, செய்த யார்டின் பில்கள் ஒரு கோப்பு நிறைய. வாங்குபவர் ஏற்கெனவே மனதில் பெயரே மாற்றிவிட்டார். நான் அடியில் படுத்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல மரம் "டொக்" என்று திருப்பிக் கேட்கும், கையில் சுத்தியல் துள்ளும். எங்குமே "டொக், டொக்". அழுகல் இல்லை. சரி, முறைக்காக ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்ப்போம் என்று ஏராவை ஒட்டிய முதல் பலகையில் அடைப்பைச் சுரண்டி எடுத்து, திருப்புளியை வைத்தேன். கால் சுற்றுதான் சுற்றியது. தலை மட்டும் கையோடு வந்தது. ஒடிந்த இடம் மஞ்சளாக இல்லை, ரோஜா நிறத்தில் இருந்தது. நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. பித்தளையில் இருந்த துத்தநாகத்தைக் கடல் தின்றுவிட்டு, செம்பை வெறும் சக்கையாக விட்டிருந்தது. பக்கத்தில் இன்னும் ஐந்து கழற்றினோம். நான்கு அதே கதை. புதுப் பலகைகளை அந்த யார்டு அழகாகப் பொருத்தியிருந்தது, பிடிப்பு மட்டும் இல்லை. கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் பில்லில் "திருகாணிகள்" என்று இருக்கிறது, என்ன உலோகம் என்று இல்லை. சிலிக்கன் வெண்கலம் போட்டிருந்தால் விலை சில மடங்கு கூடியிருக்கும், படகு பிழைத்திருக்கும். வாங்க வந்தவர் அன்று மாலை என்னோடு பேசவே இல்லை. மறுவாரம் நன்றி சொல்லி ஒரு பாட்டில் அனுப்பினார்.

இன்னொரு வினோத நோய் உண்டு. உலோகம் அரிக்கக் கூடாது என்று படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளை மாட்டி, எல்லா வெண்கல வால்வையும் கம்பியால் அவற்றோடு இணைப்பார்கள். இரும்புக் கப்பலுக்கு அது அமிர்தம். மரப் படகில் அளவு மீறினால், வால்வைச் சுற்றிக் காரம் உண்டாகி மரத்தைக் கரைக்கும். வால்வைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது மாதிரியும், மரம் நார் நாராகவும் இருந்தால் அதுதான். அதிகப் பாதுகாப்பால் கெட்ட மரம். கொஞ்சம் சிரிப்பு வரும், செலவைக் கேட்டால் நின்றுவிடும்.

அடிப்பக்கம் முழுக்க ஃபைபர் கிளாஸ் உறை போட்டிருந்தால் என் அறிவுரை சுருக்கமானது: விட்டுவிடுங்கள். பழைய மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உறை அதோடு சேர்ந்து அசையாது. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லை. படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயருக்கும் சுத்தியல் பயன்படாது.

என்ஜினைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம் என்பேன். மான்செஸ்டர் பக்கம் பேட்ரிக்ராஃப்டில் கார்ட்னர் கம்பெனி 1931இல் கொண்டுவந்த எல்டபிள்யூ வரிசை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் படகுக்கும் ஒன்றேபோல் ஓடியது. நான்கு சிலிண்டர் 4எல்டபிள்யூ நிமிடத்துக்கு 1,700 சுற்றில் 68 குதிரைத் திறன் தரும், அவ்வளவே. ஆனால் நிதானமாகச் சுற்றுவதால் தேயாது, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சிறு மாடல்களைக் கையால் சுற்றியே கிளப்பலாம். கம்பெனி போய்விட்டது, உதிரிபாகம் விற்கும் சிறப்புக் கடைகள் இன்னும் இருக்கின்றன. கேட்க வேண்டியது ஒன்றுதான்: 1936இல் கட்டும்போதே இவை இருந்தனவா? அன்றைய யாட்டுகள் பலவற்றில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் லேசான என்ஜின்களே இருந்தன. பிற்பாடு கனமான டீசலை வைத்திருந்தால், அதைத் தாங்கும் கட்டைகளையும் அவற்றுக்குக் கீழுள்ள வங்குகளையும் பாருங்கள். உடைந்த வங்கு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். வேகத்தைப் பற்றியும் ஆசை வளர்க்காதீர்கள். தண்ணீர்க் கோட்டில் 42 அடி நீளம் என்றால், அதன் வர்க்கமூலம் ஆறரை, அதை 1.34ஆல் பெருக்கினால் 8.7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). இந்த வகை அடிப்பக்கத்துக்கு அதுதான் எல்லை. இரண்டு மடங்கு எண்ணெய் ஊற்றினாலும் பின்னால் அலைதான் பெரிதாகும்.

டன்கர்க் விஷயம் தனி. 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து 3,38,226 வீரர்களை மீட்டார்கள். பெரும்பாலோரை ஏற்றி வந்தது பெரிய கப்பல்களே. ஆழமில்லாத கரையிலிருந்து அந்தக் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றது இந்தச் சின்னப் படகுகள். சில நேரே வீடு வரை கொண்டுவந்ததும் உண்டு. டைட்டானிக்கில் இரண்டாம் அதிகாரியாக இருந்து தப்பிய லைட்டோலர், தன் 58 அடி சன்டவுனரில் மகனையும் ஒரு பையனையும் மட்டும் வைத்துக்கொண்டு 130 பேர் அளவில் அடைத்துக் கூட்டிவந்தார். மீட்பு தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான், 30 முதல் 100 அடி வரையிலான மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் விவரம் அனுப்ப வேண்டும் என்று கடற்படைத் தலைமை பிபிசியில் அறிவித்திருந்தது. தேம்ஸ் நதியில் டெடிங்டனில் டஃப் சகோதரர்களின் யார்டு ஒன்றே நூற்றுக்கும் மேல் படகுகளைத் திரட்டி அனுப்பியது. உரிமையாளர் வீட்டில் இல்லாதபோதே படகு போன கதைகளும் உண்டு.

அவசரத்தில் நடந்ததால் பதிவேடு முழுமையாக இல்லை. படகுகள் பெயரும் மாறிவிட்டன. அதனால்தான் "டன்கர்க் போனது" என்ற வாய்வார்த்தைக்கு விலை இல்லை. டன்கர்க் சிறு கப்பல்கள் சங்கம் 1966இலிருந்து இயங்குகிறது. அவர்கள் ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட படகா என்று நேரடியாகக் கேளுங்கள். ஏற்றிருந்தால் விலை கூடுதலாக இருப்பது நியாயம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டன்கர்க் திரும்பிப் போகும் ஊர்வலத்தில் நீங்களும் போகலாம். 2025இல் 85ஆம் ஆண்டுக்குப் போனார்கள். வெறும் பித்தளைப் பட்டயம் மட்டும் இருந்தால், பட்டயத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். தேசிய வரலாற்றுக் கப்பல் பதிவேடு இன்னொன்று. 50 வயதும் 33 அடி நீளமும் தாண்டி, பெரும்பகுதி மூலப் படகாகவே இருந்தால் சேர்ப்பார்கள். அதில் இருப்பது படகின் ஆரோக்கியத்துக்குச் சான்று இல்லை.

மேல் அறைகள் தேக்கு என்று போட்டிருக்கிறார்கள். பழைய பர்மாத் தேக்காக இருந்தால் அதுவே சொத்து. தமிழிலும் மலையாளத்திலும் உள்ள நம் "தேக்கு"தான் போர்ச்சுக்கீசியர் வாயில் "டெக்கா" ஆகி ஆங்கிலத்துக்குப் போனது, இங்கே பலருக்கு இது தெரியாது. இன்று மியான்மர் அரசு மரக் கம்பெனி மீது 2021 முதல் பிரிட்டனின் தடை இருக்கிறது. ஆகவே மாற்றுத் தேக்கு கிடைப்பதும் கஷ்டம், விலையும் எக்கச்சக்கம். இருக்கும் தேக்கை வருடத்துக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் போட்டுக் காப்பாற்றுவதுதான் வழி. ஒரு வருடம் விட்டீர்களென்றால் மொத்தமும் சுரண்டி, எட்டுப் பத்துப் பூச்சு முதலிலிருந்து.

ஆளுக்குப் பாதி என்றீர்களே, அதற்கு ஆங்கிலச் சட்டம் அருமையான வழி வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றும் 64 பங்கு. ஆளுக்கு 32. பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் முதல் பகுதியில் பதிந்தால் உரிமைக்கு அது சான்று, படகின் மேல் அடமானம் இருந்தாலும் அதில் தெரியும். மூன்றாம் பகுதி, சின்னப் படகுப் பதிவு, மலிவு. ஆனால் அது உரிமைக்குச் சான்றாகாது. குடியுரிமை, வசிப்பிடம் பற்றிய தகுதி விதிகள் உண்டு, முதலில் அதைச் சரிபாருங்கள். முதல் பகுதியில் இருந்த பழைய படகென்றால் அதன் அரசு எண் உள்ளே ஒரு முக்கிய உத்தரத்தில் செதுக்கியிருக்கும். விளம்பரத்தில் உள்ள எண்ணும் மரத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூடவே உங்கள் இருவருக்குள் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்: யாராவது ஒருவர் விலக நினைத்தால் என்ன விலை, எத்தனை மாதத்தில். நட்பு கெட்டுப்போன படகுகள் விற்பனைக்கு வரும்போது எங்களுக்குத் தகவல் முதலிலேயே தெரியும், வார்னிஷ் ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும்.

விலை குறைவாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டீர்கள். ஆச்சரியமே இல்லை. ரூஸ்வெல்ட்டின் இன்னொரு யாட் பொட்டோமேக், எல்விஸ் பிரெஸ்லி 1964இல் வாங்கித் தானம் கொடுத்தது, பின்பு போதைப்பொருள் கடத்தலில் பிடிபட்டு மூழ்கி எழுந்தது. ஓக்லண்ட் துறைமுகம் அதை ஏலத்தில் 15,000 டாலருக்கு எடுத்து, மீட்க 50 லட்சம் டாலர் செலவழித்தது. இரும்புப் படகுக்கே அப்படி. வாங்கும் விலை நுழைவுச் சீட்டு மாதிரி. நிறுத்துமிடம், கரையேற்றம், காப்பீடு, பெயின்ட், எதிர்பாராத பலகை என்று வருடம் வருடம் போவதுதான் உண்மை விலை. படகு மதிப்பில் பத்து சதவீதம் ஒதுக்குங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஃபைபர் படகுக்கு. உங்களுடையதில் மதிப்பு குறைவு, செலவு குறையாது, அதனால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். நிறுத்துமிடத்துக்கு நீளத்தை வைத்துத்தான் கட்டணம், 1936 என்று சொன்னால் யாரும் சலுகை தரமாட்டார்கள். தேம்ஸ் மாதிரி உள்நாட்டு நீர்வழி என்றால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் ஆசை குறையாவிட்டால், நீங்கள் வாங்க வேண்டிய ஆள்தான்.

இப்போது என்ன செய்வது? புரோக்கரிடம் எழுத்தில் விலை பேசுங்கள், "சர்வேக்கும் கடலோட்டத்துக்கும் உட்பட்டு" என்ற வரி கட்டாயம். வழக்கமாக 10 சதவீதம் முன்பணம் கேட்பார்கள், சர்வேயில் பெரிய குறை வந்தால் அது திரும்ப வர வேண்டும் என்று தாளில் இருக்கட்டும். சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள், விற்பவர் சொல்லும் ஆளை வேண்டாம். மரப் படகு தெரிந்தவரா என்று கேளுங்கள், ஃபைபர் படகு மட்டும் பார்ப்பவர்கள் இப்போது அதிகம். கடலோட்டம் இரண்டு மணி நேரமாவது நடக்கட்டும். கிளம்பும் முன் பில்ஜில் (தரைப் பலகைக்குக் கீழுள்ள அடிக்குழியில்) தண்ணீர் எவ்வளவு என்று பென்சிலால் கோடு போடுங்கள், திரும்பி வந்ததும் பாருங்கள். படகு மாதக்கணக்கில் கரையில் நின்றிருந்தால், பலகை உப்பி இறுகும்வரை ஓரிரு நாள் ஒழுகத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் பயப்படலாம்.

சர்வே நாளன்று பழைய உடுப்பில் போய்ச் சர்வேயரோடு நீங்களும் அடியில் படுங்கள். ஏராவை ஒட்டி இரண்டு, நடுவில் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று ஆறு திருகாணியையாவது கழற்றிப் பார்க்க விற்பவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். ஏரா ஆணியில் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல படகு வைத்திருப்பவர் திருப்புளியைத் தானே எடுத்து நீட்டுவார். "பெயின்ட் கெட்டுவிடும்" என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.